வெடியை எடுத்த பிறகு நிலம் யாருக்கு?

பர்மாவில் கண்ணிவெடி அகற்ற வெளிநாடுகள் காசு தருவதில்லை என்று எங்கள் பக்கத்தில் குறைப்பட்டுக்கொள்வார்கள். அது பாதிதான் உண்மை. 2011-க்குப் பிறகு நாடு கொஞ்சம் திறந்ததிலிருந்து காசு வந்துகொண்டுதான் இருக்கிறது. நார்வே கொடுத்தது, ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்தது, இன்னும் பல நாடுகளும் கொடுத்தன. வந்த காசில் துண்டறிக்கை அச்சானது. பள்ளிக்கூடச் சுவர்களில் மண்டையோட்டுப் படம் ஏறியது. காலை இழந்தவர்கள் சிலருக்குச் செயற்கைக் கால் கிடைத்தது. மண்ணுக்குள் இருந்த வெடி மட்டும் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

எண்களைச் சொல்லிவிடுகிறேன். உலகம் முழுவதும் கண்ணிவெடிகளைக் கணக்கெடுக்கும் ஆண்டறிக்கையின்படி, பர்மாவில் 2022-இல் கண்ணிவெடியாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் இறந்தவர்களும் காயமடைந்தவர்களுமாக 545 பேர். 2023-இல் 1,003 பேர். 2024-இல் 2,029 பேர். கடைசி இரண்டு ஆண்டுகளிலும் உலகத்திலேயே முதலிடம் நமக்குத்தான். இவை பதிவான எண்கள் மட்டுமே. மோன் மாநிலத்தில் எங்கள் தட்டோனுக்குக் கிழக்கே காட்டுக்குள் ஒருவர் கால் போனால் அதை எழுதிக்கொள்ள யாரும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதில்லை. கணக்கில் வராமல் போவது எங்கள் பக்கத்துத் தமிழனுக்குப் புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் வந்து முடிந்த தான்பியூசாயாட்டில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு வெட்டிய புல்லும் பெயர் பொறித்த கல்லுமாக ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதே பாதையில் செத்த மலாயாத் தமிழர்களுக்கு அங்கே அப்படி ஒரு கல் கிடையாது. அந்தப் பாதை ஏறிப்போகும் மூன்று பகோடா கணவாய்ப் பக்கம் பிற்பாடு கண்ணிவெடியும் சேர்ந்துகொண்டது.

இந்தப் பணம் எப்படி ஓடுகிறது என்று எனக்கு முதலில் விளக்கியவர் வவுனியாவைச் சேர்ந்த ஒருவர். 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன் ஒரு வெளிநாட்டு அமைப்பின் வேலையாக ரங்கூனில் இருந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் காளி கோயிலுக்கு வருவார். என்னைத் 'தம்பி' என்பார். நான் 'அண்ணே' என்பேன். ஊரில் முகமாலைப் பக்கம் வெடி எடுத்த அனுபவம் உள்ளவர். ஒரு மீட்டர் அகலத்துக்கு நாடா கட்டிய பாதை, முன்னால் குறுக்கே சிவப்புக் கட்டை, முழங்காலிட்டு வாரியால் மண்ணை மெல்ல இழுத்துப் பார்ப்பது, கட்டையை ஒரு சாண் நகர்த்துவது, மறுபடியும் இழுப்பது. முகக்கவசத்துக்குள் வியர்வை கண்ணில் இறங்கினால்கூடத் துடைக்க முடியாது, பாதுகாப்பு எல்லை வரை எழுந்து போய்த்தான் துடைக்க வேண்டும் என்றார். நாளெல்லாம் உழைத்தாலும் ஓர் ஆள் முடிப்பது ஒரு சின்ன அறையின் பரப்பளவுதான். மூன்று டாலருக்குச் செய்து புதைத்துவிடலாம், எடுக்க 300 முதல் 1,000 டாலர் வரை ஆகும் என்று ஐக்கிய நாடுகள் சபை பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு அந்த வாரியின் வேகத்திலிருந்துதான் வருகிறது.

ரங்கூனில் அவர் வாரியைத் தொடவே இல்லை. குழந்தைகளுக்குப் படம் காட்டி, இதைத் தொடாதே, அதை மிதிக்காதே என்று சொல்லிக் கொடுப்பவர்களுக்குப் பயிற்சி தந்தார். தோண்டுவதற்கு இங்கே எந்த வெளி அமைப்புக்கும் அனுமதி கிடைக்கவில்லை.

கொடுக்கும் நாடு காசை எண்ணி வைப்பதற்கு முன் சில கேள்விகள் கேட்கும். இதற்கென்று ஒரு தேசிய அமைப்பு உண்டா? எந்தெந்த நிலம் சந்தேக நிலம் என்று ஆய்வு செய்து வரைபடம் போட்டாயிற்றா? எடுத்து முடித்த நிலத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு ஊராரிடம் ஒப்படைப்பது யார்? பிறகு சதுர மீட்டர் கணக்கில் பணம். இலங்கையில் இதற்கெல்லாம் பதில் இருந்தது. போர் முடிந்தது, 2010-இல் தேசிய மையம் வந்தது, ஜப்பானும் அமெரிக்காவும் பிரிட்டனும் நார்வேயும் ஆண்டுக்காண்டு ஒப்பந்தம் போட்டுப் பணம் அனுப்பின. இந்தியா முன்னாள் ராணுவத்தினரின் குழுக்களை அனுப்பியது. 2017 டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்திலும் சேர்ந்தது. 2028 ஜூனுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு அந்தக் கையெழுத்தோடு வந்ததுதான்.

பர்மா 1997-இன் அந்த ஒப்பந்தத்தில் இன்றுவரை சேரவில்லை. இந்தியாவும் சீனாவும்கூடத்தான் சேரவில்லை. ஆனால் இங்கே அரசே தன் தொழிற்சாலைகளில் கண்ணிவெடி செய்கிறது, அரசே புதைக்கிறது. அமெரிக்காவின் எம்-14 வகையைப் பார்த்துச் செய்த சின்ன பிளாஸ்டிக் வெடி ஒன்று உண்டு. உள்ளங்கையில் அடங்கும். இரும்பு இம்மியளவே இருப்பதால் கருவி காட்டிக்கொடுப்பது கடினம். ஆயுதக் குழுக்களும் தங்கள் பங்குக்கு மூங்கிலிலும் பிளாஸ்டிக் குழாயிலும் டார்ச் பேட்டரியை வைத்துச் செய்கிறார்கள். பேட்டரி தீர்ந்தால் வெடிக்காது என்று ஊரில் சொல்வார்கள். அந்த நம்பிக்கையில் கை வைத்தவர்களும் உண்டு. கண்ணிவெடிக்கு அரசு எவ்வளவு ஒதுக்குகிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், செய்வதற்கா எடுப்பதற்கா, எதற்கு ஒதுக்குவதைக் கேட்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2013-வாக்கில், நார்வே அமைப்பொன்றின் உதவியோடு ஒரு கண்ணிவெடி மையத்துக்குப் பெயர் வைத்தார்கள். விதிமுறைகளுக்கு வரைவுகூட எழுதினார்கள். 2015 அக்டோபரில் கையெழுத்தான நாடு தழுவிய போர்நிறுத்த உடன்பாட்டிலும் வெடி அகற்றுவது பற்றி வாசகம் உண்டு. மையம் பெயரளவில் நின்றது. எந்த நிலத்தில் யார் புதைத்தார்கள் என்று சொல்லும் வரைபடத்தை எந்தத் தரப்பும் மேசைமேல் வைக்கவில்லை. எப்படி வைப்பார்கள்? போர்நிறுத்தம் நாளைக்கு முறிந்தால் அந்த வரைபடம் எதிரியின் வழிகாட்டி.

கொடுப்பவர்களைத் திட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் தயங்குவேன். இன்று எடுத்த இடத்தில் அடுத்த மழைக்குள் மறுபடியும் புதைப்பார்கள். நிலத்தை ஆய்வு செய்ய வந்தவனை இரு பக்கமும் உளவாளி என்பார்கள். அதோடு, எடுக்கப்பட்ட வெடி எந்த ஊருக்குக் காவலாக இருந்தது என்ற கேள்வி ஒன்றும் இருக்கிறது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்: கிழக்கு எல்லைப் பக்கம் வாழும் கரேன் இனத்தவரின் ஊர்கள் சிலவற்றில் மக்களே வெடியை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எடுத்தால் ராணுவம் உள்ளே வரும். ராணுவத்துக்குப் பின்னால் கம்பெனி வரும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

என் மாமாவின் தோட்டத்தைப் பார்த்த பிறகுதான் இதெல்லாம் எனக்கு விளங்கியது. தட்டோன் பக்கம் சின்ன ரப்பர் தோட்டம். ஊர்ப் பெயர் வேண்டாம். நடுநிசி தாண்டியதும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போய்விடுவார். விடியும்வரை மரத்துக்கு மரம் நடை. தோட்டத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஒரு நாள் இருட்டில் மிதித்துவிட்டார். இடது கால், முழங்காலுக்குக் கீழே. யார் புதைத்தது என்றால் இரண்டு தரப்பும் மற்றவரைக் கை காட்டுகிறது. அபராதம் கேட்காமல் விட்டார்களே என்று அத்தை சொன்னாள்; அது வெறும் புலம்பல் அல்ல. வெடியை மிதித்தவனிடமே வெடிக்கு விலை கேட்ட கதைகள் மனித உரிமை அறிக்கைகளில் பதிவாகியிருக்கின்றன.

கரேன் மாநிலத் தலைநகரான பா-அன் நகரில் செஞ்சிலுவைச் சங்கத்தின் மறுவாழ்வு மையம் ஒன்று இருக்கிறது. 2003-இல் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஆதரவோடு திறந்தது. அங்கே மாமாவுக்கு இலவசமாகக் கால் செய்து கொடுத்தார்கள். மிச்சக் காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்து, பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சின்மேல் இழுத்துப் படிய வைத்துச் செய்வது. நல்ல கால்தான். ஆனால் அடிப்பாதம் ரப்பர். சேற்றிலும் கல்லிலும் நடந்தால் தேய்ந்துவிடும். மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்ததும் காலைக் கழற்றி, உள்ளே புகுந்த சேற்றைக் கழுவி, திண்ணை ஓரமாகத் தலைகீழாக நிறுத்தி வைப்பார். மிச்சக் கால் சிவந்து புண்ணாகியிருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய கால் வேண்டும், உடம்பு மெலிந்தால் அதற்கு முன்பே வேண்டும். அதாவது ஒரு கண்ணிவெடியின் செலவு ஒரு முறையோடு முடிவதில்லை. அந்த ஆள் இருக்கும்வரை ஓடும். தாய்லாந்து எல்லை அகதி முகாம்களில் இருந்த மருத்துவமனைகள் சில, 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்ததும் ஒரு வாரத்துக்குள் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பியபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் திண்ணைதான்.

மாமாவுக்குக் கால் போன பிறகு தோட்டத்துக்கு யாரும் போகவில்லை. பாதையின் வாயில் இரண்டு மூங்கிலைக் குறுக்கே கட்டி, பக்கத்து மரத்தில் கத்தியால் பெருக்கல் குறி வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊரில் உள்ள ஒரே எச்சரிக்கைப் பலகை அது. ரப்பர் மரத்தைச் சுற்றிப் புதர் மண்டிவிட்டது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது காடு.

இங்கேதான் சிக்கல். 2012-இல் வந்த 'காலி, தரிசு, கன்னி நிலங்கள்' சட்டம், பயன்படுத்தப்படாமல் கிடக்கும் நிலத்தை அரசு எடுத்து முதலீட்டாளருக்குக் குத்தகைக்கு விட வழி செய்கிறது. 2018-இல் அதைத் திருத்தினார்கள். அப்படி வகைப்படுத்திய நிலத்தை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. நாட்டின் நிலம் முழுவதற்கும் இறுதி உரிமையாளர் அரசுதான் என்று 2008 அரசியல் சட்டமே சொல்கிறது. மாமா உழாததால் நிலம் தரிசாகவில்லை, உழ முடியாததால் ஆனது. சட்டப் புத்தகத்தில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. வெடி முதலில் காலை எடுத்தது. மிச்ச வேலையைத் தாசில்தார் அலுவலகம் பார்த்துக்கொள்ளும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நாளைக்கு ஏதோ ஒரு சமாதானம் வருகிறது. நல்ல மனம் படைத்த நாடு ஒன்று பணம் தருகிறது. முழங்காலிட்டு யாரோ பிள்ளைகள் அந்தத் தோட்டத்தைச் சாண் சாணாகச் சுத்தம் செய்கிறார்கள். ஒப்படைப்பு விழாவில் ரிப்பன் வெட்டும்போது சாவியை யார் கையில் கொடுப்பார்கள்?

இது என் கற்பனை அச்சம் அல்ல. கம்போடியாவில் 1990-களில் வெடி எடுத்த நிலங்களை உள்ளூர் அதிகாரிகளும் படைத்தலைவர்களும் வளைத்துப் போட்ட கதை ஊரறிந்தது. அதற்குப் பிறகுதான் எந்த நிலத்தைச் சுத்தம் செய்வது, யாருக்குக் கொடுப்பது என்று முன்கூட்டியே எழுதி முடிவு செய்ய மாகாணங்களில் தனிக் குழுக்களை வைத்தார்கள். வவுனியா அண்ணனும் அதையேதான் சொன்னார். இலங்கையின் வடக்கில் வெடி எடுத்தாலும் ராணுவ முகாம் எடுபடாத நிலங்கள் உண்டு. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 1990-இல் வெளியேறிய குடும்பங்கள் பல பத்தாண்டுகள் வேலிக்கு வெளியே நின்று தங்கள் கிணற்றைப் பார்த்தன. 2017-இல் முல்லைத்தீவின் கேப்பாப்புலவுப் பெண்கள் சாலையோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்தது கண்ணிவெடிக்காக அல்ல, நிலத்துக்காக. சதுர மீட்டர் கணக்கில் அந்த நிலங்கள் வெற்றிப் பட்டியலில் ஏறியிருக்கலாம். நன்கொடை தந்த நாட்டின் அறிக்கையில் சிரித்த முகத்தோடு ஒரு விவசாயியின் படமும் இருந்திருக்கும்.

எங்கள் ஆட்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சுமை. பர்மாத் தமிழரின் நிலக் கதையைப் பேசினால் எல்லோரும் செட்டியார்களைப் பேசுவார்கள். 1930-களின் நெருக்கடியில் கடனுக்காக நிலம் கைமாறி, 1938-வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி அவர்கள் கையில் இருந்தது. விடுதலைக்குப் பிறகு நாட்டுடைமைச் சட்டத்தில் போனது. சரி. ஆனால் கூலிக்கு ஆள் சேர்த்த மேஸ்திரி பின்னால் கப்பலேறி வந்து நாற்று நட்டவனுக்கும் மரம் நட்டவனுக்கும் அப்போதும் நிலம் இல்லை. 1960-களில் ராணுவ அரசு கடைகளைப் பறித்து, மூன்று லட்சம் இந்தியர் வெளியேறிய நாளிலும் கப்பலுக்குப் போக வழியில்லாமல் தங்கியவர்கள் இவர்கள்தாம். பிறகு மெல்ல மெல்ல நாலு ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று காட்டோரம் சேர்த்தார்கள். 1982 குடியுரிமைச் சட்டம் வந்தது. இளஞ்சிவப்பு அட்டை முழுக் குடிமகன், நீலம் இணைக் குடிமகன், பச்சை இயல்புரிமைக் குடிமகன். ஒரே வீட்டில் மூன்று நிறமும் உள்ள குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அட்டையின் நிறத்தைப் பார்த்துத்தான் நிலத்தாளில் பேனா ஓடுகிறது.

காசு குறைகிற காலம் வேறு. உலக அளவில் 2023-இல் வெடி அகற்ற நாடுகள் கொடுத்த உதவி 80 கோடி டாலரை ஒட்டி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உக்ரைன் ஒன்றுக்கே போனது. கொடுத்தது தப்பு என்று சொல்லவில்லை. அங்கேயும் கால்தான் போகிறது. 1993 முதல் 500 கோடி டாலருக்கு மேல் தந்த அமெரிக்கா 2025-இல் கையை மடக்கியது. அதே ஆண்டு லித்துவேனியா, லாட்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் தடை ஒப்பந்தத்திலிருந்தே வெளியேறுவதாக அறிவித்தன. ஐரோப்பாவே வேண்டுமென்கிறதே என்று தலைநகர் நேபிடாவில் யாரோ இந்நேரம் ஒரு குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள்.

குறைந்த காசு வந்தால் முதலில் எங்கே போகும் என்பதையும் சொல்லிவிடலாம். சாலைக்குப் போகும். மொசாம்பிக்கில் ரயில் பாதையையும் சந்தைகளை இணைக்கும் சாலைகளையும் சுத்தம் செய்ததில்தான் பொருளாதார லாபம் அதிகம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2015-இல் அந்த நாடு வெடியற்றது என்று அறிவிக்கப்பட்டது பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. இங்கே அதே தர்க்கம் காவ்கரேய்க் வழியாகத் தாய்லாந்து எல்லையில் உள்ள மியாவடிக்குப் போகும் ஆசிய நெடுஞ்சாலையைக் காட்டும். இந்தியாவும் பர்மா வழியாகத் தாய்லாந்து வரை போகும் தன் முத்தரப்பு நெடுஞ்சாலைக் கனவை அந்த வழியில்தான் வரைந்து வைத்திருக்கிறது. லாரி போகட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? மியாவடிப் பக்கத்தில் இணைய மோசடிக் கட்டடங்கள் எழும்பிய வேகத்தைப் பார்த்தவனுக்கு, சாலை சுத்தமானால் முதலில் ஓடப்போவது யாருடைய லாரி என்று சந்தேகம் வருவது இயல்பு. விறகுக்கும் மூங்கில் குருத்துக்கும் போகும் ஒற்றையடிப் பாதைக்கு எந்த நெடுஞ்சாலைத் திட்டத்திலும் இடமில்லை.

ஆகவே, பணம் வருவதற்கு முன்னால் தாளைச் சேர்த்துவிட வேண்டும் என்பதே நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது. வெடி இருக்கும் நிலத்துக்குள் போக முடியாது. ஆனால் அந்த நிலத்தின் தாள்கள் தகரப் பெட்டியில்தானே இருக்கின்றன? விளைநிலத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கு அரசு தரும் ஏழாம் எண் படிவம் கிடைத்தவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. கரேன் மக்களின் ஆயுத அமைப்பான கரேன் தேசிய ஒன்றியம் 2015-இல் தனக்கென்று ஒரு நிலக் கொள்கை வகுத்தது. அவர்கள் பகுதியில் அவர்களும் நிலத்தாள் கொடுக்கிறார்கள். ஒரே தோட்டத்துக்கு இரண்டு அரசாங்கத் தாள் வைத்திருப்பவர்களும் உண்டு. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் சோதனைச் சாவடியில் மற்றொன்றைக் காட்டிவிடாதீர்கள், அவ்வளவுதான். வரி ரசீது, பால் விற்ற சீட்டு, கன்று வாங்கிய துண்டுச் சீட்டு, கோயிலுக்கு நன்கொடை எழுதியபோது ஊரும் தோட்டமும் குறிப்பிட்ட பக்கம், எதுவும் வீண் அல்ல. படம் எடுத்துச் சென்னையில் உள்ள உறவினருக்கு அனுப்பி வையுங்கள். போனைச் சாவடியில் பறிக்கிறார்கள் என்பதால் அனுப்பியதும் அழித்துவிடுங்கள்.

மாமாவின் பெட்டியில் ரசீதுகள் ஒரு கட்டு இருந்தன, ஓரம் கரையான் தின்றது போக. பழையவற்றில் தாத்தாவின் தமிழ்ப் பெயர், அதையும் பர்மிய எழுத்தில் ரசீதுக்கு ரசீது வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். பிந்தியவற்றில் மாமாவின் பர்மியப் பெயர். இவரும் அவரும் தகப்பனும் பிள்ளையும்தான் என்று சொல்ல ஒரு தாளும் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக் கரேன் குடும்பமும் மடாலயத்துப் பெரிய பிக்குவும் சாட்சிக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். நூறு வீட்டுத் தலைவரும் கையெழுத்துப் போடத் தயார். இப்போதைக்கு எந்தப் பக்கத்து முத்திரையைக் குத்துவது என்பதில்தான் அவருக்குக் குழப்பம். இரண்டு பிரதி எடுத்து ஒவ்வொன்றில் ஒவ்வொன்றைக் குத்தித் தரும்படி மாமாவைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.